மறு: சைலம், ஃபுளோயம்: தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

சென்னை, மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய்):
வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அறிவியல் வாசிப்பு நூல் ஒன்று கையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஒரே பதிப்பு. வேரிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் மேலேற்றும் திசு ஒன்று, இலையில் சமைத்த சர்க்கரையை மற்ற பாகங்களுக்கு அனுப்பும் திசு ஒன்று. நம் பாடநூல் சைலம், ஃபுளோயம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது. பதிப்பாசிரியர் தமிழில் கேட்கிறார். இப்போதைக்கு நீர்க்குழல், உணவுக்குழல் என்று போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போக வேண்டும்.

மதுரை, உயிரியல் ஆசிரியை:
உணவுக்குழலை முதலில் எடுத்துவிடுங்கள். "மரத்துக்கும் தொண்டை இருக்கா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்பான், பதில் சொல்ல நீங்கள் வரமாட்டீர்கள். சைலமே இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்புக்குப் போனாலும் அதைத்தான் படிக்கப்போகிறான்.

யாழ்ப்பாணம்:
எங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே காழ், உரியம் என்றுதான் படித்தோம். நீங்கள் திசு என்பது எங்களுக்கு இழையம், செல் என்பது கலம். ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை. 1858இல் நேகலி என்ற தாவரவியலார் இவற்றுக்குப் பெயர் வைத்தபோது கிரேக்கத்திலிருந்து என்ன எடுத்தார்? சைலோன் என்றால் மரக்கட்டை, புளோயோஸ் என்றால் பட்டை. காழ் கட்டை, உரி பட்டை. வேறென்ன வேண்டும்?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
காழ் நல்ல சொல். தொல்காப்பிய மரபியல் புறக்காழ் உடையதைப் புல் என்றும் அகக்காழ் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். பனையை அறுத்துப் பாருங்கள்: விளிம்பு கறுத்து இறுகியிருக்கும், நடுவில் சோறு. ஒருவித்திலைத் தாவரம் என்று தாவரவியலார் பின்னால் கண்டதும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் வருகிறது. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டு, காழ்த்துவிட்டால் வெட்டுகிறவன் கையைப் பதம்பார்க்கும் என்கிறது குறள். ஆனால் இந்த இடங்களில் எல்லாம் காழ் என்பது வயிரம், அதாவது மரத்தில் முற்றி இறுகிய பகுதி. வயிரத்தில் தண்ணீர் ஓடுமா? அறிவியலார் சொல்ல வேண்டும்.

கோவை, வேளாண் பட்டதாரி:
ஓடாது ஐயா. நீர் ஏறும் குழாய்கள் செத்த செல்கள்தான், ஆனால் திறந்து கிடப்பவை. இலையில் நீர் ஆவியாக ஆவியாக மேலிருந்து ஓர் இழுவை; அந்த இழுவையில் நீர்த்தூண் அறாமல் ஏறுகிறது. டிக்சனும் ஜோலியும் 1894இல் சொன்னது. வயிரம் பாய்ந்த பகுதியில் அந்தக் குழாய்கள் பிசினும் கழிவும் ஏறி அடைத்துப்போகும். உள்ளே பொந்து விழுந்த புளியமரம் தழைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே? போனது வயிரம். காழ் என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பகுதி.

தஞ்சாவூர்:
நானும் ஓய்வு பெற்றவன்தான், அது கிடக்கட்டும். அப்படியானால் சொல் அகப்பட்டுவிட்டது: வெளிறு! புறநானூறு 23இல் யானை கட்டும் தறியை 'வெளிறில் நோன்காழ்' என்கிறார் புலவர். வெளிறு இல்லாத வலிய காழ். காழுக்கு எதிர் வெளிறு. வயிரம் ஏறாத வெளிமரம். வெள் என்ற வேரிலிருந்து வெளிர், வெளுப்பு, வெள்ளை எல்லாம் வருகின்றன. யானைத் தறிக்கே வெளில் என்றும் ஒரு பெயர் உண்டு. வெளிறே இல்லாத கட்டைக்கு வெளில் என்ற பெயர் எப்படி வந்தது என்பது தனியே பார்க்க வேண்டியது...

மதுரை:
ஐயா, மன்னிக்கணும். வள்ளுவர் வெளிறு என்றால் அறியாமை. 503ஆம் குறள். 'மரத்தின் வெளிறு தண்ணீரை மேலே ஏற்றுகிறது' என்று நான் பாடம் நடத்த முடியாது.

யாழ்ப்பாணம்:
கிரேக்கர் மரக்கட்டைக்கு வைத்த பெயரை நேகலி எடுத்து வேலை செய்கிற பகுதி, செய்யாத பகுதி எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார். அவருக்கு இல்லாத தண்டனை தமிழுக்கு மட்டும் ஏன்?

ஸ்கார்பரோ, கனடா:
நீர்க்குழலுக்கு வாக்களிக்கத்தான் வந்தேன். எழுதத் தொடங்கியதும் மேப்பிள் நினைவுக்கு வந்தது. பனி உருகும் பருவத்தில் இங்கே மரத்தில் துளை போட்டு வடிக்கும் சாறு சைலத்தில் ஓடுவது. அதில் சர்க்கரை இருக்கிறது. 40 லிட்டர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாகு. ஊரில் பனம்பாளையைச் சீவி இறக்கும் பதநீரோ ஃபுளோயத்தில் ஓடுவது. ஓடுவதை வைத்துப் பெயர் வைத்தால் இரண்டு ஊரிலும் அடி வாங்குவோம்.

கோவை:
அருமை. உரியத்துக்கு ஒரு சான்று நானும் தருகிறேன். கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும்போது கிளையில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்துவிடுவோம். இலை வாடாது, ஏனென்றால் உள்ளே தண்ணீர் வழக்கம்போல ஏறுகிறது. இலை செய்த சர்க்கரை மட்டும் கீழே இறங்க வழியில்லாமல் உரித்த இடத்தின் மேல் விளிம்பில் தேங்கும். ஈரப்பாசி கட்டி வைத்தால் அங்கேதான் வேர் விடும். உரித்தால் நின்றுபோவது எதுவோ அது உரியம். ஒரு செடியைக் காட்டிப் பாடத்தையே முடித்துவிடலாம்.

மதுரை:
உரியத்துக்குச் சரி. காழுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ழகரத்தை என் வகுப்பில் பாதிப்பேர் 'காள்' என்பார்கள்.

சென்னை (வியாழன் இரவு):
எண்ணிப் பார்த்தேன். காழ், உரியத்துக்கு நால்வர், சைலம், ஃபுளோயத்துக்கு மூவர், வெளிறுக்கு ஒருவர். முதலில் வரும் இடத்தில் மட்டும் காழ் (சைலம்), உரியம் (ஃபுளோயம்) என்று எழுதிவிட்டு, அப்புறம் தமிழ்ச்சொல் மட்டும். விண்பதியத்தைப் படத்தோடு சேர்க்கிறேன். திசுவா இழையமா என்று இன்றிரவு யாரும் தொடங்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

யாழ்ப்பாணம்:
இழையம்.

தஞ்சாவூர்:
முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. இன்று காலை எங்கள் தெரு ஆசாரியிடம் ஒரு தேக்குப் பலகையின் ஓரத்தைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "வெள்ளை, சார். பூச்சி அரிக்கும், தள்ளிடுவோம்" என்றார். வெள்ளை, வெளிறு. வேர் ஒன்றுதானே? வெளில் பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன்.