டூயல்சென்ஸ் எட்ஜ் கொடுக்கிற காசுக்கு உழைக்குமா? பிஎஸ்5, கணினி இரண்டுக்கும்

நீலக்கோடு
பிஎஸ்5-லும் கணினியில் ஸ்டீமிலும் (கேம் விற்று ஓட்டும் மென்பொருள்) ஒரே வயர்லெஸ் கன்ட்ரோலரை வைத்து விளையாட வேண்டும். பெரும்பாலும் ஷூட்டர், நடுநடுவே கார் ரேஸ். சோனியின் விலை கூடிய டூயல்சென்ஸ் எட்ஜ் வாங்குவதா, சாதா டூயல்சென்ஸோடு நிறுத்திக்கொள்வதா, ஹால் ஸ்டிக் (காந்தத்தால் நிலையை அளப்பது) உள்ள வேறு கம்பெனிக்குப் போவதா? விலை தெரியும். எத்தனை நாள் உழைக்கும், பழுதானால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

பின்விசை
எட்ஜ் வாங்குங்க. எல்லோரும் பின்பக்க விசைகளைப் பற்றிப் பேசுவாங்க, எனக்கு அதைவிட முக்கியம் கழற்றி மாட்டுகிற ஸ்டிக் மாட்யூல். ட்ரிஃப்ட் (தொடாமலேயே ஸ்டிக் நகர்வதாகக் காட்டும் பழுது) வந்தால் மொத்தக் கன்ட்ரோலரையும் குப்பையில் போட வேண்டாம். கன்ட்ரோலரை ஆஃப் பண்ணுங்க. பின்னால் இருக்கிற ரிலீஸ் தாழ்ப்பாளை நகர்த்தினால் முன்பக்கக் கறுப்பு மூடி கழன்று வரும். மாட்யூலின் சின்ன நெம்பைத் தூக்கி நேராக இழுங்க, கையோடு வந்துவிடும். புதியதை அழுத்தி உட்கார வைத்து, நெம்பைச் சாய்த்து, மூடியைப் போடுங்க. ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

ஷூட்டருக்குப் பின்விசை இரண்டே போதும். குதிப்பதை ஒன்றில், குனிவதை ஒன்றில் வைத்தால் குறிபார்க்கிற கட்டைவிரல் வலது ஸ்டிக்கை விட்டு எழவே எழாது.

காந்தப்புலம்
முழுக்க மறுக்கிறேன். 2023 ஜனவரியில் 199.99 டாலருக்கு வந்த கன்ட்ரோலர். உள்ளே இருப்பதோ சாதா டூயல்சென்ஸில் உள்ள அதே வகைப் பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் பூசிய தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு தேய்ந்துகொண்டே போகும். தடம் தேயத் தேய நடுநிலை மின்னழுத்தம் நகரும், உதிர்ந்த தூள் நடுவில் வந்து உட்காரும். ஸ்டிக்கைத் தொடாமலேயே திரையில் ஆள் நடப்பது அதனால்தான். மாட்யூலை மாற்ற முடிகிறது என்றால், தேயப்போகிற பொருளை நீங்களே மறுபடி மறுபடி காசு கொடுத்து வாங்கலாம் என்றுதான் அர்த்தம்.

பழுதுபார்க்கச் சொல்லித்தரும் ஐஃபிக்ஸிட் தளம் 2021-ல் டூயல்சென்ஸைப் பிரித்துப் போட்ட கணக்கைப் பாருங்கள். அதிலுள்ள ஆல்ப்ஸ் கம்பெனி ஸ்டிக் பாகத்துக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் 20 லட்சம் சுழற்சி. வேகமான ஷூட்டரில் அதைத் தொட ஏறக்குறைய 417 மணி நேரம். தினம் 2 மணி நேரம் ஆடினால் 7 மாதம்!

ஹால் சென்சாரில் உரசலே கிடையாது. ஸ்டிக்கின் அடியில் காந்தம், எதிரே சென்சார், காந்தப்புலம் மாறுவதை வைத்து நிலையை அளக்கிறது. 1998-ல் வந்த ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. இன்று எட்ஜ் விலையில் சிறு பங்குக்கு ஹால், டிஎம்ஆர் (அதுவும் காந்தத்தால் அளக்கும் வகைதான்) இரண்டும் கிடைக்கின்றன.

பின்விசை
20 லட்சம் என்பது அந்த அளவுக்காவது தாங்கும் என்று தயாரிப்பாளர் சோதித்துச் சொல்வது. 20 லட்சத்து ஒன்றாவது சுற்றில் ஸ்டிக் செத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, நீங்க சொல்கிற ஹால் கன்ட்ரோலரை பிஎஸ்5-ல் எப்படி மாட்டுவது? பிஎஸ்5 கேம்கள் பழைய டூயல்ஷாக் 4-ஐயே ஏற்காது. உரிமம் பெற்ற வெளிக் கம்பெனி கன்ட்ரோலர் சில உண்டு, ஆனால் அடாப்டிவ் ட்ரிக்கரும் சோனியின் நுண்ணதிர்வும் அவற்றில் வராது. ரேஸில் பிரேக் மிதிக்கும்போது ட்ரிக்கர் எதிர்த்துத் தள்ளுவதும், டயர் வழுக்குவது உள்ளங்கையில் தெரிவதும் போய்விடும். நீலக்கோடு ரேஸும் ஆடுகிறார்.

காந்தப்புலம்
கன்சோல் பூட்டு உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எட்ஜின் தரத்துக்குச் சான்று ஆகாது. சாதா டூயல்சென்ஸிலும் அதே ட்ரிக்கர், அதே அதிர்வுதானே இருக்கிறது?

கணக்கையும் பார்ப்போம். நம் ஊர் விலை கடைக்குக் கடை மாறுவதால் அமெரிக்க அறிமுக விலையே எடுக்கிறேன். சாதா 69.99, எட்ஜ் 199.99, மாட்யூல் ஒன்று 19.99. எட்ஜுக்கு 130 டாலர் கூடுதல். ஒவ்வொரு ட்ரிஃப்டுக்கும் புதுக் கன்ட்ரோலருக்குப் பதில் மாட்யூல் வாங்கினால் மிச்சம் 50. ஆகவே மூன்றாவது பழுதில்தான் எட்ஜ் முந்துகிறது. சாதாவில் ஒவ்வொரு முறையும் புதிய பேட்டரியும் புதிய ட்ரிக்கரும் சேர்ந்தே வருகின்றன, அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

பேட்டரிதான் எட்ஜின் உண்மையான குறை. சாதாவில் 1,560 எம்ஏஹெச், எட்ஜில் 1,050. மூன்றில் ஒரு பங்கு குறைவு. எடையோ 280 கிராமிலிருந்து 325-க்கு ஏறிவிட்டது.

பின்விசை
7 மாதத்துக்கு ஒரு பழுது என்று சொன்னது நீங்கதான். அப்படியானால் மூன்றாவது பழுது இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும், அதன் பிறகு எட்ஜ் லாபம். உங்க எண் என் பக்கம்தான் பேசுது.

பேட்டரி சின்னது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கூடவே 2.8 மீட்டர் பின்னல் கேபிளும், பிடுங்கிக்கொள்ளாமல் பூட்டுகிற கூடும் தருகிறார்கள். போட்டி ஆட்டத்துக்குக் கேபிளில் ஆடுங்க. ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: கேபிளைச் சொருகினாலே வயர் வழித் தொடர்பு ஆகிவிடாது, சார்ஜ் மட்டும் ஏறலாம். செட்டிங்ஸில் ஆக்சஸரீஸ், கன்ட்ரோலர், அங்கே தொடர்பு முறையை யூஎஸ்பி கேபிள் என்று மாற்றணும். வயர்லெஸ்ஸில் ஆடும்போது அதிர்வை ஒரு படி குறைத்து, விளக்கை மங்கலாக்கி, ஸ்பீக்கர் ஒலியை இறக்கினால் பேட்டரி கொஞ்சம் நீளும்.

ஈயமுனை
இரண்டு பக்கத்திலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஹால் போட்டால் ட்ரிஃப்ட் வராது என்பது பாதிதான் சரி. சென்சார் தேயாது. ஆனால் ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கிற ஸ்பிரிங் தளரும், கீழே அழுத்துகிற கிளிக் சுவிட்ச் வழக்கமான மெக்கானிக்கல் சுவிட்ச்தான், தண்டு மூடியின் வளையத்தில் உரசி பிளாஸ்டிக் தூள் உதிர்வதும் மாறாது. ஸ்பிரிங் தளர்ந்தால் எந்தச் சென்சாராக இருந்தாலும் நடு தப்பும்.

சாதா டூயல்சென்ஸை வாங்கி ஹாலாக மாற்றலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்: ஒரு ஸ்டிக்குக்குப் போர்டில் சால்டர் செய்த 14 கால்கள். பொட்டென்ஷியோமீட்டர் இரண்டுக்கும் மும்மூன்று, கிளிக் சுவிட்சுக்கு 4, சட்டத்துக்கு 4. சட்டத்தின் கால்கள் தரையிணைப்புத் தாமிரத்தில் பதிந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் முழுக்க உருகும் முன் இழுத்தால் துளையின் உள்பூச்சு பிய்ந்து வரும், போர்டு போச்சு. குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தைச் சேர்த்துக் கலந்து, ஃப்ளக்ஸ் தடவி, 14-ஐயும் ஒரே நேரத்தில் இளக்கித் தூக்க வேண்டும். பிறகு நடுவையும் விளிம்பையும் காலிபரேட் செய்ய வேண்டும். பிஎஸ்5 மெனுவில் அந்த வசதி இல்லை, யூஎஸ்பி வழியாகப் பிரவுசரில் ஓடும் கருவிகள் உண்டு. முதலில் தற்காலிகமாக எழுதிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் நிரந்தரமாகப் பதியுங்கள்.

எட்ஜின் அருமை இங்கேதான். எட்ஜுக்கென்றே வெளிக் கம்பெனிகளின் ஹால், டிஎம்ஆர் மாட்யூல்கள் விற்கிறார்கள். சால்டரிங் இல்லாமல் மாட்டலாம், காலிபரேஷன் மட்டும் பார்க்க வேண்டும். எட்ஜின் சின்ன பேட்டரிக்கு ஹாலைவிட டிஎம்ஆர் நல்லது, மின்சாரம் குறைவாக இழுக்கும்.

மூன்றாம்_ப்ரொஃபைல்
எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2-ஐயும் பேச வேண்டும். 2019 நவம்பரில் 179.99 டாலருக்கு வந்தது, 40 மணி நேரம் வரை ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, பின்னால் 4 துடுப்பு, ஸ்டிக் இறுக்கத்தை 3 படியில் திருகலாம். கணினியில் மட்டும் ஆடுகிறவருக்கு எட்ஜைவிட இது வசதி. ஆனால் மெக்கானிக்கல் புகார்கள் வந்து, 90 நாள் உத்தரவாதத்தை 2020 அக்டோபரில் ஒரு வருஷமாக நீட்டினார்கள். ஸ்டிக்கையும் பேட்டரியையும் மாற்ற முழுசாகப் பிரிக்கணும். சாதா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் போதும், ரீசார்ஜ் செல் நான்கு இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். விலை ஏறும்போது இந்த வசதியைப் பிடுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

நீலக்கோடு
எலைட் பிஎஸ்5-ல் ஓடாது, அதனால் விட்டுவிடுகிறேன். கணினியில் புளூடூத்தில் எட்ஜ் தாமதம் காட்டுமா? பின்விசைகள் வேலை செய்யுமா?

காந்தப்புலம்
பின்விசைகளை ஸ்டீம் தனித்தனி விசையாகவே அடையாளம் காணும். ஆனால் பல கணினி கேம்களில் அடாப்டிவ் ட்ரிக்கரும் நுண்ணதிர்வும் யூஎஸ்பி கேபிளில்தான் முழுசாக வரும்.

தாமதத்தை விகிதத்தோடு பாருங்கள். 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 படம்) ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். கன்ட்ரோலர் நொடிக்கு 125 முறை செய்தி அனுப்பினால் இடைவெளி 8, 1,000 முறை என்றால் 1. சராசரி வித்தியாசம் மூன்றரை மில்லிசெகண்ட், கைக்குத் தெரிவது கடினம். உண்மையில் கெடுப்பது அலைக்குறுக்கீடு. யூஎஸ்பி 3.0 போர்ட், புளூடூத் ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், இன்டெலே 2012-ல் இதை ஆவணமாக வெளியிட்டது. புளூடூத் டாங்கிளைக் கணினியின் முதுகில், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் பக்கத்தில் சொருகினால் விசை விட்டுவிட்டுத்தான் போகும். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் மேசைக்கு மேல் கொண்டுவாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பணமே செலவழிக்காமல் தீரும் சிக்கலுக்குப் பலர் புதுக் கன்ட்ரோலர் வாங்குகிறார்கள், வேதனையாக இருக்கிறது.

ஈயமுனை
எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கிற நாட்கள் முடியும் முன் சோதித்துவிடுங்கள். பிரவுசரில் கேம்பேட் டெஸ்டரைத் திறந்து, ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் 20 முறை தள்ளிச் சட்டென்று விடுங்கள். நின்ற இடம் (நடு 0, முழுத் தள்ளல் 1) 0.05-க்குள் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கவும் வேண்டும். 0.03-ல் எப்போதும் நிற்பதை டெட்ஸோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை) மறைத்துவிடும், எட்ஜின் ப்ரொஃபைலிலேயே (சேமித்து வைக்கும் அமைப்பு) ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் தனியாக வைக்கலாம். ஒரு முறை 0.01, ஒரு முறை 0.07 என்று தாவினால் திருப்பிக் கொடுங்கள். ஸ்டிக்கை விளிம்போடு சுற்றும் வட்டச் சோதனையில் 10 சதவீதப் பிழை காட்டினால் பதறாதீர்கள், பொட்டென்ஷியோமீட்டருக்கு அது வழக்கம்.

பழுது வந்தபின் கான்டாக்ட் கிளீனர் அடிப்பதை நம்ப வேண்டாம். தூள் கழுவப்பட்டுச் சில நாள் சரியாகும், தேய்ந்த கார்பன் திரும்பாது. ரப்பர் பிடியில் ஆல்கஹால் போடாதீர்கள், லேசாக ஈரமான துணி போதும். பல வாரம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வையுங்கள், கன்சோலின் சூடான காற்று வெளியேறும் பக்கம் வைக்க வேண்டாம்.

நீலக்கோடு
ரேஸ் பிஎஸ்5-ல்தான் ஆடுகிறேன், அதனால் அடாப்டிவ் ட்ரிக்கரை விட மனமில்லை. எட்ஜ் ஒன்று, கூடவே மாட்யூல் ஒன்று என்று முடிவு செய்கிறேன்.

காந்தப்புலம்
நான் இன்னும் சாதா டூயல்சென்ஸ்தான் சொல்வேன், ஆனால் முடிவு உங்களுடையது. மாட்யூலை இப்போதே வாங்காதீர்கள். முதல் வருஷம் ட்ரிஃப்ட் வந்தால் உத்தரவாதத்தில் கேளுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பின்விசை
அதை ஏற்கிறேன். இன்னொன்று: ஷூட்டருக்கு ட்ரிக்கர் ஸ்டாப்பரைக் குறுகலாக்கினால் அடாப்டிவ் எதிர்ப்பு அணைந்துவிடும், ஆக்சிலரேட்டரும் பாதிதான் அமுங்கும். ரேஸுக்கு மாறும்போது பின்னால் உள்ள இரண்டு ஸ்லைடரையும் முழு நீளத்துக்குத் தள்ளுங்க. ப்ரொஃபைலை மாற்றினால் அது தானாக மாறாது, விரலால் தள்ளணும்.