கொலாஜ் பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி வளையுது, ஸ்கேன்ல சாம்பல் கோடு வருது. அவசரம்!

சுதா_கத்தரி (புதன், இரவு 10:48)
வணக்கம். குழந்தைகள் படக்கதை ஒண்ணுக்குப் படம் பண்றேன். தூக்கணாங்குருவி கதை. முழுக்க காகிதம் வெட்டி ஒட்டினது, பிரஷ் வேலையே கிடையாது. எல்லாப் பக்கமும் முடிச்சு அடுக்கி வச்சிருந்தேன். இன்னிக்கு எடுத்துப் பார்த்தா ஒவ்வொண்ணும் வளைஞ்சு நிக்குது. ஸ்கேன் பண்ணினா ஒவ்வொரு இலைக்கும் ஒரு பக்கமா சாம்பல் கலர்ல கோடு விழுது. பச்சை வேற செத்துப்போய் தெரியுது. வெள்ளிக்கிழமை ஃபைல் அனுப்பியாகணும். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பைண்டிங்_பாண்டி (இரவு 11:05)
என்ன அட்டை? என்ன பசை? பசையை முழுசா தடவினீங்களா, ஓரத்துல மட்டுமா? இதெல்லாம் சொல்லாம எப்படிம்மா சொல்றது.

லைட்பாக்ஸ் (இரவு 11:11)
ஸ்கேனர் எது? எத்தனை டிபிஐ (ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை புள்ளி)? புத்தகம் என்ன சைஸ்?

ஏகன் (இரவு 11:30)
இதே வினா இங்கே பலமுறை வந்து, பலமுறை விடையும் பெற்றுவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. காகிதத்தின் இயல்பை அறியாமல் கத்தரிக்கோலை எடுத்தால் இப்படித்தான் ஆகும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற அம்மையார் எழுபது வயதைக் கடந்தபின் பூக்களைக் காகிதத்தில் வெட்டி ஒட்டத் தொடங்கினார். கறுப்புத் தாளின் மேல், இதழுக்கு இதழ், மகரந்தத் தாள் உட்பட. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிக்சல்_தம்பி (இரவு 11:34)
அந்தப் பாட்டிக்கு வெள்ளிக்கிழமை டெட்லைன் இல்லையே சார்.

அக்கா, நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க. காகிதத்தோட டெக்ஸ்சரை மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு, வெட்டுறதை டேப்லெட்ல பண்ணியிருந்தா இந்த வளைவு, பசை, நிழல் எதுவுமே வராது. இப்ப நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. பார்க்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

மட்டுநகர்_கீதா (இரவு 11:52)
வித்தியாசம் நல்லாத் தெரியும் தம்பி. கத்தரிக்கோல் ஒரு வளைவில கொஞ்சம் தடுமாறி வெட்டும், அது கணினியில வராது.

சுதா, என்ன பசை பாவிச்சனீங்கள்? எங்கட பக்கம் மழைக்காலத்தில இதுதான் பெரிய பிரச்சினை. காத்தில ஈரம் கூடினால் ஒட்டாத வெறும் காகிதமே சுருளும். படங்களை எங்க வைச்சிருந்தனீங்கள், நிலத்திலயோ, அலுமாரியிலயோ?

சுதா_கத்தரி (வியாழன், காலை 6:20)
எல்லாருக்கும் நன்றி. அட்டை சாதா சார்ட் தான். பசை வெள்ளை கம், டப்பால வர்றது. ஸ்கேனர் பிரிண்டரோட சேர்ந்து வர்ற சின்ன ஆல்-இன்-ஒன். ஒரு பக்கம் போட்டோ எடுத்து இணைச்சிருக்கேன். எல்லாமே ரெட்டைப் பக்கம், இடமும் வலமும் ஒரே படம். ஆபீஸ் கிளம்புறேன், மதியம் வந்து பார்க்குறேன்.

பைண்டிங்_பாண்டி (காலை 7:02)
சாதா சார்ட்டா! அதான்.

விஷயம் இதுதாம்மா. வெள்ளை கம்ல பாதி தண்ணி. யார் கம்பெனி கம்மா இருந்தாலும் அப்படித்தான். தண்ணி பட்டதும் காகிதம் விரியும். விரிஞ்ச நிலையிலேயே நீங்க ஒட்டிடுறீங்க. காயும்போது அது சுருங்கும், சுருங்கும்போது கீழ இருக்கிற சார்ட்டையும் சேர்த்து இழுக்கும். அதனாலதான் படம் இருக்கிற பக்கமா ஓரம் தூக்குது. ஒரே பக்கத்துல நாலு அடுக்கு, அஞ்சு அடுக்குன்னு ஒட்டியிருப்பீங்க. சார்ட் எப்படித் தாங்கும்?

அடுத்தது நார் ஓட்டம். மில்லுல காகிதம் ஓடுற திசையில நார் படுத்திருக்கும். ஈரத்துல காகிதம் அந்தத் திசையில அதிகம் விரியாது, குறுக்கேதான் விரியும். தாளை லேசா வளைச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாம மடங்குதோ, மடிப்பு விழுற அந்த வாக்குலதான் நார் ஓடுது. பைண்டிங்ல நாங்க முதல்ல பார்க்கிறதே இதைத்தான். வெட்டி ஒட்டுறவங்க யாரும் பார்க்கிறதில்லை.

இப்ப செய்ய வேண்டியது: பின்பக்கம் மட்டும் தண்ணியை மூடுபனி மாதிரி லேசா தெளிங்க. படம் இருக்கிற பக்கத்துல பட்டர் பேப்பர், ரெண்டு பக்கமும் வெள்ளைத்தாள், மேலயும் கீழயும் பிளைவுட். மேல நல்ல பாரம் வச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். நிரந்தரமா சரியாகணும்னா பின்பக்கமும் ஒரு சார்ட்டை அதே கம்மால, நார் அதே திசையில ஓடுற மாதிரி ஒட்டணும். முன்னால இழுக்கிறதைப் பின்னால இருந்து இழுத்துப் பிடிக்கும்.

மட்டுநகர்_கீதா (காலை 7:40)
பொறுங்கோ, பொறுங்கோ. அந்தக் கூட்டைப் பாருங்கோ, மஞ்சள் கீற்றுக் கீற்றாய் இருக்கு. கிரேப் பேப்பரோ, அந்தச் சுருக்கம் விழுந்த மெல்லிய கலர்த்தாள்? கிரேப் எண்டால் தண்ணி கிட்டயும் போகக்கூடாது. ஒரு துளி பட்டாலே சாயம் இறங்கி வானம் முழுக்க மஞ்சளாப் போயிடும்.

பைண்டிங்_பாண்டி (காலை 7:44)
கிரேப்பா? சுதாம்மா, தண்ணி தெளிக்கிறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க.

லைட்பாக்ஸ் (காலை 8:15)
வளைவை விடுங்க, ஃபைலுக்கு வருவோம். இந்த ஆல்-இன்-ஒன்கள்ல இருக்கிற சென்சார், கண்ணாடியில ஒட்டி இருக்கிறதை மட்டும்தான் கூர்மையாப் பார்க்கும். ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிடும். வெளிச்சமும் ஒரு பக்கத்துல இருந்துதான் அடிக்கும். நீங்க சொல்ற சாம்பல் கோடு வேற ஒண்ணுமில்ல, காகிதத்தோட கனத்தால விழுற நிழல். பக்கத்தைத் தலைகீழாத் திருப்பி ஸ்கேன் பண்ணிப் பாருங்க, கோடு அடுத்த ஓரத்துக்குப் போயிடும். சில பக்கத்தை நேராவும் சில பக்கத்தைத் தலைகீழாவும் ஸ்கேன் பண்ணியிருந்தா புத்தகத்துல சூரியன் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறும்!

ரெட்டைப் பக்கம்னா அந்த ஸ்கேனர்ல ஒரே தடவையில அடங்கவும் அடங்காது. போட்டோவா எடுங்க. சுவத்துல தட்டையா மாட்டி, கேமரா நேர் எதிர்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரெண்டு லைட், 45 டிகிரி சாய்வுல. லைட் இல்லேன்னா வெயில் நேரா விழாத வராண்டா போதும். ஓரத்துல ஒரு வெள்ளைத்தாள் துண்டு வச்சு எடுத்தா அப்புறம் நிறம் சரிபண்ணலாம். நிழல் கொஞ்சம் வேணும்னா (எனக்குப் பிடிக்கும், காகிதம்னு அதுலதான் தெரியும்) ஒரே லைட், எல்லாப் பக்கத்துக்கும் இடது மேல் மூலையில இருந்து.

சைஸ் இன்னும் நீங்க சொல்லல. பக்கம் எட்டரை இஞ்ச் சதுரம்னு வச்சுக்கிட்டா ரெட்டைப் பக்கம் 17 இஞ்ச். 300 டிபிஐக்கு 5100 பிக்சல் வேணும். 12 மெகாபிக்சல் போன்ல அகலம் 4000 தான் வரும், கணக்குப் போட்டா 235 டிபிஐ. இடது பாதி, வலது பாதின்னு தனித்தனியா எடுத்து ஒட்டுங்க. இல்லேன்னா கேமரா இரவல் வாங்குங்க.

கத்தரிப்பூ (காலை 9:30)
பச்சை செத்துப்போச்சுன்னு சொல்றீங்களே, அது ஃப்ளோரசன்ட் சார்ட்டா? கிளிப்பச்சை கண்ணைப் பறிக்குமே, அது? அந்தப் பச்சையை மறந்துடுங்க. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி, பச்சையாத் திருப்பித் தர்ற காகிதம் அது. அச்சுல இருக்கிற நாலு மையும் அந்த வேலையைச் செய்யாது. திரையில சரிபண்ணிட்டாலும் பிரஸ்ல விழுந்துடும். நீங்களே வெள்ளைத்தாள்ல அக்ரிலிக் பூசி வச்சுக்கிட்டா என்ன பச்சை வேணுமோ அது கிடைக்கும், பிரஷ் தடமும் இலை நரம்பு மாதிரி வரும்.

போட்டோவுல இன்னொண்ணு கவனிச்சேன். பனையோலை ஓரமெல்லாம் மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடுது. நிறம் மேல மட்டும் இருக்கு, காகிதத்தோட உள்நடு வெள்ளை. வெட்டும்போது பிளேடை லேசா உள்பக்கம் சாய்ச்சுப் பிடிங்க. வெட்டின முகம் அடியில மறைஞ்சிடும். ஏற்கெனவே வெட்டினதுக்கு அதே நிறக் கலர் பென்சிலைப் படுக்க வச்சு ஓரத்துல ஒரு இழுப்பு இழுங்க, போதும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஊறும். சின்னச் சின்ன வளைவுக்குக் கத்தரிக்கோலை அசைக்காம தாளைத் திருப்பணும், அப்பதான் பிசிறு வராது.

ஏரிக்கரை (காலை 10:10)
கொலாஜ் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. ஆனா படத்துக்குக் கீழ இருக்கிற வரியைப் படிச்சேன். "அம்மா குருவி ஒவ்வொரு நாராக எடுத்து வந்து கூடு பின்னியது." தூக்கணாங்குருவியில கூடு பின்னுறது ஆண். மஞ்சள் தலையும் கரும்பழுப்பு முகமும் அதுக்குத்தான், அதுவும் இனப்பெருக்கக் காலத்துல மட்டும். படத்துல மஞ்சள் தலையோட பின்னுற குருவிக்கு "அம்மா"ன்னு போட்டிருக்கு.

பிக்சல்_தம்பி (காலை 10:18)
அண்ணே, அந்தக் கதையில குருவி பேசுது.

ஏரிக்கரை (காலை 10:25)
பேசட்டும் தம்பி. பேசாதுன்னு குழந்தைக்கே தெரியும். கூட்டை யார் கட்டுறாங்கன்னு அதுக்குத் தெரியாது, புத்தகத்தைத்தான் நம்பும். உண்மையே எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. ஆண் பாதிக் கூடு கட்டி, கிண்ணத்தைக் கவுத்த நிலையில நிறுத்தி, இறக்கையை அடிச்சுக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். அதுக்குப் பிடிச்சாத்தான் ஆண் மீதியைக் கட்டும். பிடிக்கலேன்னா அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்கும். குழந்தை இதுக்குச் சிரிக்காதா?

ஏகன் (காலை 11:00)
சங்கப் பாடலிலேயே தூக்கணாங்குருவி நெடும்பனையில் கட்டிய கூடு வருகிறது. நம் முன்னோர் அறியாததில்லை. மேலும், மின்மினிப் பூச்சியைக் களிமண்ணில் பதித்து விளக்கேற்றும் பறவை அது என்பதையும் படத்தில் சேர்க்கலாம்.

ஏரிக்கரை (காலை 11:06)
பனைமரம் சரி. மின்மினி விளக்கு ஊர்க்கதை சார். கூட்டுக்குள்ள ஈரமண் உருண்டை வைக்கிறது மட்டும் நிஜம்.

ஏகன் (காலை 11:15)
நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரை (காலை 11:17)
மண்ணைப் பார்த்திருப்பீங்க.

வகுப்பறை_டீச்சர் (மதியம் 12:40)
சண்டை வேண்டாமே. நான் மூணாம் வகுப்பு எடுக்கிறேன். எங்க பிள்ளைகள் கூட்டை நேர்லயே பார்த்திருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கிணத்து மேட்டுல தொங்குது. புத்தகத்துல தப்பா இருந்தா ஏதாவது ஒரு வாண்டு எழுந்து "டீச்சர், இது பொய்"னு சொல்லும். அந்த ஒரு பக்கத்துக்காகப் புத்தகம் முழுக்கவே நம்பிக்கை போயிடும். எழுத்தாளர் கிட்ட சொல்லி "அம்மா"ங்கிறதை மட்டும் எடுத்துடலாமே.

கத்தரிப்பூ (மதியம் 12:55)
படம் போடுறவங்க பேச்சை எழுத்தாளர் கேட்டுட்டாலும்… ஆனா சொல்லிப் பாருங்க சுதா. ஒரு வார்த்தைதான், அச்சுக்கு முன்னாடின்னா செலவே இல்லை.

இன்னொண்ணு. அந்தப் பக்கத்துல குருவி சரியா நடுவுல இருக்கு. பைண்டிங் மடிப்புல தலை போயிடும்.

பைண்டிங்_பாண்டி (மதியம் 1:02)
ஆமா, நானே சொல்ல நினைச்சேன். கால் இஞ்ச்சாவது உள்ள முழுங்கும். தனியா ஒட்டின துண்டுதானே, ஒரு பக்கமா நகர்த்துங்க. ஓரத்துலயும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் படம் வெளிய ஓடணும்.

சுதா_கத்தரி (மதியம் 1:35)
ஐயோ, கூடு முழுக்க கிரேப்தான். கிளம்புறதுக்கு முன்னாடி பாண்டி சார் சொன்னதைப் பார்த்து, ஒரு பக்கத்துக்குக் காலையிலேயே தெளிச்சு பாரம் வச்சுட்டு வந்துட்டேன்.

மட்டுநகர்_கீதா (மதியம் 1:41)
எந்தப் பக்கம்? கூடு இருக்கிற பக்கமோ?

பைண்டிங்_பாண்டி (மதியம் 1:43)
வீட்டுல யாராவது இருந்தா உடனே பாரத்தை எடுக்கச் சொல்லுங்கம்மா. மத்த பக்கத்துக்குத் தண்ணி வேண்டவே வேண்டாம், வெறும் பாரம் போதும். போட்டோ எடுக்கும்போது பின்னால தடி அட்டை வச்சு நாலு மூலையும் பிடிச்சா வளைவு தெரியாது.

பிக்சல்_தம்பி (மதியம் 1:50)
சாயம் பரவியிருந்தா பதறாதீங்க அக்கா, கூட்டை மட்டும் தனியா ஒரு தாள்ல திரும்ப ஒட்டி போட்டோ எடுத்து அனுப்புங்க. பழைய போட்டோ மேல நான் பொருத்தித் தர்றேன். காசு வேண்டாம்.

ஏகன் (மதியம் 2:20)
அடிப்படையிலேயே மைதாப் பசை காய்ச்சி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து ஒட்டியிருந்தால் இவ்வளவு வம்பும் இல்லை. பூச்சியும் வராது.

பைண்டிங்_பாண்டி (மதியம் 2:26)
சார், மைதாப் பசையிலயும் தண்ணிதான். மயில்துத்தம் விஷம், குழந்தை இருக்கிற வீட்டுல காய்ச்சச் சொல்லாதீங்க. ராமபாணப் பூச்சி வந்தா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

சுதா_கத்தரி (சனி, காலை 8:05)
அனுப்பிட்டேன். பாரம் வச்சதுல மத்த பக்கம் ஓரளவு சமமாச்சு. வராண்டா போட்டோதான் நல்லா வந்துச்சு. சாயம் இறங்கின பக்கத்தை மட்டும் தம்பி பொருத்திக் குடுத்தார். "அம்மா" விஷயம் எடிட்டர்கிட்ட சொன்னேன், எழுத்தாளர்கிட்ட கேட்கிறேன்னாங்க. எல்லாருக்கும் நன்றி.

பைண்டிங்_பாண்டி (சனி, காலை 9:12)
நல்லதும்மா. பின்பக்கம் சார்ட் ஒட்டினீங்களா? ஒட்டலேன்னா மழைக்கு மறுபடியும் வளையும்.

ஏரிக்கரை (சனி, காலை 9:40)
எழுத்தாளர் என்ன சொன்னாங்க?

ஏரிக்கரை (புதன், இரவு 8:15)
சுதாம்மா?

வெட்டியொட்டி (அடுத்த மாதம், ஞாயிறு)
எனக்கும் இதே பிரச்சினை. ஆனா தட்டான் இறக்கைக்குப் பளபள காகிதம் போட்டிருக்கேன், போட்டோவுல அங்க மட்டும் வெள்ளையா அடிக்குது. என்ன பண்றது?

லைட்பாக்ஸ் (ஞாயிறு)
லைட்டை இன்னும் பக்கவாட்டுல தள்ளி, தாழ்வா வைங்க. கேமராவுக்குப் பின்னால வெள்ளைச் சுவர் இருந்தா ஒரு கறுப்புத் துணி தொங்க விடுங்க, அதுதான் இறக்கையில பிரதிபலிக்குது. ஜிகினாத்தாளா, கிளேஸ் பேப்பரா?