சாதி, மொழிக் கலவர நேரத்துல உங்க வாட்ஸ்அப் குரூப்ல என்ன ஓடுச்சு? – பகிர்வுகள்

ஓசூர்வாசி:
2016 செப்டம்பர் 12. காவிரியில தமிழ்நாட்டுக்கு கர்நாடகா விட வேண்டிய தண்ணியை விநாடிக்கு 15,000 கன அடியில இருந்து 12,000 ஆக்கி உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். பெங்களூர்ல கலவரம். பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவுல எங்க கம்பெனி மதியமே மூடிட்டாங்க. டிஎன் 70னு ஓசூர் நம்பர் போட்ட வண்டியை எடுக்கவே எடுக்காதேன்னுட்டார் செக்யூரிட்டி. கூட வேலை செய்யற கன்னடக்காரர் தன் கேஏ (கர்நாடகா நம்பர்) வண்டியில எல்லையில இருக்கிற அத்திப்பள்ளி வரைக்கும் கொண்டாந்து விட்டார். "வாயைத் திறக்காதே, யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்." வழியெல்லாம் அவர் பேசினது அவ்வளவுதான். அங்கிருந்து எல்லை தாண்டி நம்ம பக்கம் ஜூஜூவாடிக்கு நடை. பையும் குழந்தையுமா ஏகப்பட்ட சனம்.

அதுக்குள்ள ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் பத்திக்கிச்சு. கன்னட நடிகர்களைப் பத்தி ஃபேஸ்புக்ல எழுதினான்னு பெங்களூர்ல ஒரு தமிழ்ப் பையனை அடிச்ச வீடியோ. அடுத்து ராமேஸ்வரத்துல கர்நாடக டிரைவரை அடிச்ச வீடியோ. இதுக்குக் கைதட்டல் வேற. கேஏ வண்டி ஒண்ணு கூட தாண்டக் கூடாதுன்னு துபாய்ல இருந்து ஒருத்தன் எழுதறான். டேய், ஓசூர்ல நிக்கிற கேஏ வண்டியில தமிழனோடது எத்தனைன்னு தெரியுமா உனக்கு? எங்க தெருவுல வீட்டுக்குள்ள தெலுங்கு, கடையில கன்னடம், ஸ்கூல்ல தமிழ்னு பேசற குடும்பங்க உண்டு. அவங்களை எந்தப் பக்கம் நிறுத்துவான்?

வண்டியில கொண்டாந்து விட்டதை குரூப்ல எழுதினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரே ஒரு பதில்: "நீ யாருக்கு சப்போர்ட்?" அடி வாங்கிட்டு வந்திருந்தா அன்னிக்கு நான்தான் ஹீரோ.

பாலக்கோடு டீச்சர்:
இந்தப் பேச்சு வந்தாலே எல்லாப் பழியையும் போன் மேல போட்டுடறாங்க. 2012 நவம்பர் 7ல தருமபுரி பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டின்னு தலித் குடியிருப்புகள் எரிஞ்சப்ப இந்தப் பக்கம் எத்தனை பேர் கையில வாட்ஸ்அப் இருந்துச்சு? சாதி மாறின ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கா வெச்சு எரிச்சாங்க. வன்மம் முன்னாடியே ஊருக்குள்ள இருந்துச்சு.

போனால நான் பார்க்கிற வித்தியாசம் வயசுலதான். எட்டாவது படிக்கிறவன் 'ஆண்ட பரம்பரை'ன்னு அருவாளோட ரீல்ஸ் போடறான். பக்கத்து பெஞ்சுக்காரன் அவங்க தலைவர் படத்தைப் போட்டு பதில் குடுக்கறான். போன வருஷம் வரைக்கும் ஒரே தட்டுல சாப்பிட்டதுங்க. கேட்டா "லைக் வருது மிஸ்"ங்கறான். அப்பாவை வரச் சொன்னேன். அவர் ஸ்டேட்டஸும் அதே ரீல்ஸ்தான்! பள்ளிக்கூடத்துல சாதிக் கயிறு (சாதியைக் காட்டக் கையில கட்டற கலர் கயிறு) கூடாதுன்னு நீதிபதி சந்துரு குழு 2024ல பரிந்துரை குடுத்துச்சு. கயிறை நான் கழட்டச் சொல்லலாம். அப்பாவோட ஸ்டேட்டஸை என்ன பண்றது?

கிருஷ்ணகிரி மாங்கா:
ஓசூர் அண்ணா, அந்த குரூப்ல இன்னும் இருக்கீங்களா?

ஓசூர்வாசி:
இருக்கேன் தம்பி, மியூட்ல. கல்யாணப் பத்திரிகை, சாவு சேதி எல்லாம் அதுலதானே வருது. துபாய்க்காரன் இப்ப பெங்களூர்ல ஃப்ளாட் தேடறானாம், நல்ல ஏரியா சொல்லுன்னு போன வாரம் கேட்டிருந்தான்.