மாமிட முதாரபாக் கணக்கு

மாமி: அஸ்ஸலாமு அலைக்கும் பிள்ளையள். என்ட முதாரபாக் கணக்குக்கு, அதான் எங்கட காசில பேங்க் வியாபாரம் செஞ்சு லாபத்தப் பேசின விகிதப்படி பிரிச்சுத் தாற கணக்குக்கு, பேங்கால இந்த மாச லாபம் மெசேஜ் வந்திருக்கு. போன வருசத்த விடக் குறைவு. எங்கட இஸ்லாமிய பேங்க் வட்டியே தொடாதே, மத்திய வங்கி வட்டியக் குறைச்சா எனக்கு ஏன் குறையுது?

மாமா: பேருதான் வேற போல.

ராத்தா: வஅலைக்கும் ஸலாம். அப்பிடிச் சொல்லாதீங்க மாமா. மாமிட காசில பேங்க் ஒரு வள்ளத்து எஞ்சின வாங்கி, லாபம் வச்சு கிண்ணியாவில ஒரு மீன்காரருக்குத் தவணைக்கு விக்குது எண்டு வைங்க. பக்கத்து பேங்கில கடன் மலிஞ்சா அவர் அங்க போயிருவார். அதால புது முறாபஹாவில, அதான் இப்பிடி வாங்கி லாபம் வச்சு விக்கிறதில, லாபத்தக் குறைச்சுத்தான் வைக்கோணும். வந்தத விகிதப்படி பிரிக்கக்குள்ள மாமிட பங்கும் குறையும்.

தம்பி: அப்ப 2022ல நல்ல லாபமா ராத்தா? ஏப்ரல்ல மத்திய வங்கி வட்டிய ஒரேயடியா 7 சதவீதப் புள்ளி கூட்டினாங்களே.

ராத்தா: இல்லடா, அதுதான் கஷ்டமான காலம். ஏற்கனவே வித்த எஞ்சினுக்கு விலை கூட்ட ஏலா. பேசினா பேசினதுதான். அந்த நேரம் திறைசேரி உண்டியல், அதான் அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கிற பத்திரம், அதுட வட்டி 30 வீதத்துக்கு மேல போச்சு. மத்த பேங்குகள் அத வாங்கலாம், இஸ்லாமிய பேங்குகளுக்கு அது வட்டி, தொட ஏலா. மிஞ்சின காச மத்திய வங்கில ஓரிரவு வச்சு வட்டி எடுக்கவும் ஏலா. காசு போட்டவங்க எடுத்துப் போயிருவாங்க எண்டு பேங்க் தன்ட பங்கில விட்டுக்குடுக்க வேண்டி வரும்.

தம்பி: மலேசியா 1994லயே இஸ்லாமிய வங்கிகள் தங்களுக்குள்ள குறுகிய காலத்துக்குக் காசு குடுத்து வாங்க ஒரு பணச்சந்தை துவங்கிட்டுது. இங்க இலங்கையில இஸ்லாமிய வங்கிக்கு இடம் குடுத்து வங்கிச் சட்டத்தத் திருத்தினதே 2005ல. முழு இஸ்லாமிய வங்கியா அமானா வங்கி வந்தது 2011ல.

ராத்தா: அதுதான் எனக்கும் கவலை. மத்திய வங்கி வைக்கிற கொள்கை வட்டி எங்கட பேங்குகளையும் அடிக்குது, தாங்கிறதுக்குக் கையில உள்ள வழி குறைவு. வட்டியில்லாம வைக்கவும் எடுக்கவும் நல்ல ஏற்பாடு வேணும். நியதி ஒதுக்கு, அதான் பேங்குகள் வைப்புக் காசில ஒரு பங்க மத்திய வங்கில கட்டாயம் வைக்கிறது, அது மட்டும் எல்லாருக்கும் ஒண்டு. 2023 ஆகஸ்ட்ல 4 வீதத்த 2 ஆக்கினப்ப எங்களுக்கும் காசு இளகிச்சு. அதுக்கு மத்திய வங்கி வட்டி குடுக்கிறல்ல, ஹலால் கேள்வியும் வராது.

மாமி: அப்ப வட்டி ஏறினா எனக்கும் ஏறுமா மகள்?

ராத்தா: மெல்ல மெல்லத்தான். பழைய தவணையெல்லாம் முடிஞ்சு, அந்தக் காசு புது விலையில போகோணும். நாளைக்கு பேங்குக்குப் போனா, விகிதத்த மாத்தினாங்களா எண்டு கேளுங்க. கணக்குத் துறந்தப்ப தந்த தாள்ல இருக்கும்.

மாமி: ஓம், அலுமாரில கிடக்கு. எடுத்துப் போறன்.

மாமா: எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு.