கோத்தகிரி வீட்டுக்கு எந்த ஃபயர்பிளேஸ்: செங்கல் கணப்பா, இரும்பு அடுப்பா?

ஓட்டுவீடு:
கோத்தகிரியில் கட்டும் வீட்டுக்கு ஃபயர்பிளேஸ் முடிவு செய்ய வேண்டும். சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் போடவில்லை. ஹால் 14-க்கு 12 அடி, சீலிங் 9 அடி. மேலே மரச்சட்டம், ஓடு, அடியில் பலகை சீலிங். முகடு தரையிலிருந்து 14 அடி. வயதானவர்கள் இருவர் இருப்பார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தினமும் மாலை நாலு மணி நேரமாவது சூடு வேண்டும். பழைய பங்களாவில் இருப்பதுபோல மேற்கு வெளிச்சுவரில் 4 அடி அகலம், 3 அடி உயரத்தில் செங்கல் கணப்பு கட்டலாம் என்கிறார் கொத்தனார். இரும்பு அடுப்பு வையுங்கள் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். ஹீட்டரே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதை எடுப்பது? வீட்டுக்குள் புகை அடிக்கக் கூடாது, அதுதான் முதல் கவலை.

மலைச்சாரல்:
தினசரி உபயோகம் என்றால் கதவு வைத்த இரும்பு அடுப்புதான். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் அறைக்குக் கிடைக்கும். மீதி சிம்னியோடு போய்விடும். போகும்போது அறையில் இருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு ஈடாகக் கதவிடுக்கில் குளிர்காற்று நுழையும். முகம் சுடும், முதுகு நடுங்கும். வயதானவர்களுக்கு இது ஒத்துவராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) சூடு இருக்கிறது. உங்கள் அறைக்கு மணிக்கு 3 யூனிட் வீதம் நாலு மணி நேரத்துக்கு 12 யூனிட் வேண்டும். நல்ல இரும்பு அடுப்பு 70 சதவீதம் தரும், ஆகவே நாலேகால் கிலோ விறகு போதும். திறந்த கணப்பில் அதே சூட்டுக்கு 20 கிலோ எரிக்க வேண்டும்.

அளவு: உங்கள் ஹால் 43 கன மீட்டர். ஓட்டுக்கூரை என்பதால் 10 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் 4 முதல் 5 கிலோவாட் அடுப்பு சரி. 8, 10 கிலோவாட் வாங்காதீர்கள். அறை சீக்கிரம் கொதித்துவிடும், உடனே காற்றை அடைத்து விறகைப் புகைய விடுவோம். அந்தப் புகைதான் குழாய்க்குள் தாராகப் படிந்து, ஒருநாள் தீப்பிடிக்கும்.

2 கிலோவாட் ஹீட்டர் படுக்கையறைக்கு நல்லது. 16 ஆம்ப் சாக்கெட்டுக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது. குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டாம்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி அறைக்குள்ளேயே தங்கும், சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

கல்லும்கரண்டியும்:
மேலே சொன்னது சரி. ஆனால் செங்கல் கணப்பு என்றாலே புகையும் என்று நினைக்க வேண்டாம். புகைவதற்குக் காரணம் அளவு. கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைக்குழாயின் உள்பரப்பு இருக்க வேண்டும். உங்கள் கொத்தனார் சொல்வது 48-க்கு 36 இன்ச், அதாவது 1728 சதுர இன்ச். அதற்குக் குழாய் உள்ளளவு 13-க்கு 13.5 வேண்டும். வழக்கப்படி 9-க்கு 9 விட்டுக் கட்டினால் பாதிப் புகை ஹாலுக்குள்தான் வரும்.

9-க்கு 9 குழாய்க்கு ஏற்ற வாய் 30-க்கு 27 இன்ச். 1790-களில் ரம்ஃபோர்ட் பிரபு வகுத்த முறையில் கட்டச் சொல்லுங்கள்: வாய் அகலம் 30, ஆழம் 10, பின்சுவர் அகலம் 10, பக்கச்சுவர்கள் இரண்டும் 45 டிகிரி விரிந்து வரும். ஆழம் குறைவாக இருப்பதால்தான் சூடு அறைக்குத் திரும்புகிறது. ஆழமாகக் கட்டினால் கூடுதல் சூடு என்று பலரும் நினைக்கிறார்கள், நேர்மாறு. தீக்கு மேலே புகை நுழையும் இடுக்கு, அதாவது தொண்டை, 4 இன்ச் மட்டும்.

உள்பக்கம் ஃபயர் பிரிக், ஃபயர் கிளே கலவை, இணைப்பு 3 மி.மீ. சிமென்ட் கலவை வைத்தால் சூட்டில் பொடிந்து உதிரும். முன்னால் 16 இன்ச் கல் அல்லது டைல் தரை. கட்டி முடித்து ஒரு மாதம் காயவிட்டு, முதல் சில நாள் சுள்ளி போட்டு மட்டும் எரியுங்கள்.

எப்போதாவது விருந்தினர் வரும்போது மூட்டுவதற்கென்றால் இதைக் கட்டலாம். தினமும் என்றால் நானும் இரும்பு அடுப்புக்கே ஓட்டுப் போடுவேன்.

குழாய்க்காரர்:
அடுப்பை விடக் குழாய்தான் முக்கியம். அதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

மேற்கு வெளிச்சுவர் வேண்டாம். வெளியே நிற்கும் குழாய் குளிர்ந்து கிடக்கும், மூட்டியதும் புகை மேலே ஏறாமல் திரும்பி வரும். வீட்டுக்குள், முகடுக்குப் பக்கமாகக் குழாயை ஏற்றுங்கள். அடுப்புத் தலையிலிருந்து குறைந்தது 15 அடி. அடுப்பு இரண்டரை அடி என்றால் தரையிலிருந்து 18 அடிக்குக் குழாய் முனை. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியும், பத்தடிக்குள் இருக்கும் எதையும் விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும். உங்கள் முகடு 14 அடி என்பதால் இதுவும் சரியாக வரும். மலை உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, இழுப்பும் சற்றுக் குறையும். அதனால் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது.

விட்டம் அடுப்பின் வாய்க்கு ஏற்ப 5 அல்லது 6 இன்ச். நடுவில் குறுக்காதீர்கள். எல்போ (வளைவு) போடுவதாக இருந்தால் 45 டிகிரி, இரண்டுக்கு மேல் வேண்டாம்.

உங்கள் வீட்டில் பெரிய ஆபத்து பலகை சீலிங். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் 18 இன்ச் இடைவெளி வேண்டும். ஆகவே சீலிங்குக்கு ஒன்றரை அடி கீழிருந்து முனை வரை ராக்வூல் (தீப்பிடிக்காத கல் பஞ்சு) அடைத்த இரட்டைச் சுவர் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுங்கள். அப்போதும் மரத்திலிருந்து 2 இன்ச் விலக்கிவிட்டு, அந்த இடைவெளியில் எதையும் திணிக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் குழாயைச் சிம்னியாக வைக்கிறார்கள், சூட்டில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயும் வேண்டாம், சூடேறினால் துத்தநாகப் புகை வரும்.

ஓட்டுவீடு:
விரிவான பதில்களுக்கு நன்றி. கூரை போடுவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. இரும்பு அடுப்பு என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. பட்டறையில் செய்ய வைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்? பக்கத்தில் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கிடைக்கிறது, எது நல்லது?

மலைச்சாரல்:
பட்டறை அடுப்பு என்றால் 5 மி.மீ. தகடு, உள்ளே ஃபயர் பிரிக். கதவு ஓரத்தில் தீ தாங்கும் கயிறு. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் அங்கே காற்று புகும், அடுப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. கண்ணாடி வைப்பதானால் செராமிக் கண்ணாடி மட்டும். சாதாரண டஃபன்ட் (கெட்டிப்படுத்திய) கண்ணாடி சூட்டில் சிதறும்.

சீகை முதல் தரம், கெட்டியான கனல் விழும். கற்பூர மரமும் நன்றாக எரியும், ஆனால் வெட்டிய சூட்டிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தபின் கோடாலி இறங்காது. எதுவானாலும் பிளந்து, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்றோட்டத்தோடு ஒரு வருஷம் காய வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். ஈரமானி விலை அதிகமில்லை. மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி தேவை. விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

குழாய்க்காரர்:
கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கனல் இருக்கும்போதே காற்றுத் துளையை முழுசாக மூடிவிட்டுப் படுக்கக் கூடாது. சமையலறை எக்ஸாஸ்ட் ஓடினால் புகையைக் கீழே இழுக்கும், அடுப்பு எரியும்போது நிறுத்திவிடுங்கள் அல்லது ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே மண்தரையில் வையுங்கள். ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே கனல் மறுநாள் வரை உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளி, சாக்கு இரண்டும் கூடாது.