கோல்ட் ஸ்ப்ரே படிவில் மண்ணெண்ணெய் கசிகிறது, என்ன செய்யலாம்?

வாழைச்சேனையிலிருந்து:
படகு எஞ்சின் திருத்துகிற வேர்க்சொப் எங்களுடையது. உப்புத்தண்ணீர் அரித்து ஓட்டை விழுந்த அலுமினிய ஹவுசிங்குகளை நிரப்ப, பாவித்த கோல்ட் ஸ்ப்ரே மெசின் (சூடான காற்றழுத்தத்தில் உலோகப் பவுடரை அடித்து ஒட்டவைப்பது) ஒன்று வாங்கினேன். படிவு 3 மில்லிமீற்றர் ஏறுகிறது, பார்வைக்கும் நல்லது, ஆனால் அரம் போட்டால் ஓரம் பொரிந்து உதிர்கிறது. கசிவு பார்க்க ஒரு பக்கம் சோக் பூசி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவினேன், 10 நிமிடத்தில் சோக்கில் புள்ளி புள்ளியாக ஈரம். தனி அலுமினியப் பவுடர், 400 பாகை, கொம்பிரசரில் 8 பார் அழுத்தம். சூட்டைக் கூட்டினால் நொசில் அடைக்கிறது.

கல்முனையிலிருந்து:
தம்பி, சூட்டை விடுங்கள். அலுமினியம் உருக 660 பாகை வேண்டும், உங்கள் பவுடர் உருகாமலே போய் மோதி நசுங்கித்தான் ஒட்டுகிறது. அதற்கு செக்கனுக்கு 600 மீற்றருக்கு மேல் வேகம் வேண்டும், இல்லாவிட்டால் உருண்டையாகவே கிடக்கும், மண்ணெண்ணெய் அந்த இடுக்கால்தான் வருகிறது. அழுத்தம் குறைந்தால் வேகமும் குறையும், கொம்பிரசர் கேஜை நம்பாமல் பவுடர் அடிக்கிற துப்பாக்கிப் பக்கம் ஒரு கேஜ் பூட்டிப் பாருங்கள். மறுகா, பவுடரில் அலுமினாத் தூள் (அலுமினியம் ஒக்சைட்டு, கடினமான தூள்) கலவுங்கள். அதில் பெரும்பகுதி ஒட்டாமல் தெறிக்கும், ஆனால் தெறிக்கும்போதே கீழ்ப்படையைச் சுத்தியலால் தட்டினதுபோல் இறுக்கும், நொசிலையும் சுத்தமாக வைத்திருக்கும். நொசில் தேயும், அதையும் இடைக்கிடை பாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து:
நம்முடைய வாவிக்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. கொம்பிரசர் தாங்கியின் அடி வால்வைத் திறந்து பாருங்கள். பவுடரில் ஈரம் ஏறினால் கட்டி பிடித்து விட்டு விட்டு வரும். நொசிலை 10 முதல் 15 மில்லிமீற்றர் தூரத்தில் நேர் செங்குத்தாகப் பிடியுங்கள், சரித்தால் அடி வலு குறையும். மெல்லிய அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் வெடிக்கும், பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

வாழைச்சேனையிலிருந்து:
துப்பாக்கிப் பக்கம் நாலரை பார்தான் அண்ணன்! மெல்லிய ஹோஸ், 15 மீற்றர் நீளம். தாங்கியில் அரைப் போத்தல் தண்ணீர் வேறு. தடித்த ஹோஸைக் கட்டையாக வெட்டிப் போட்டு, அலுமினா கலந்து, புதிதாக அடித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்தும் சோக் வெள்ளையாகவே இருக்கிறது, அரம் போட்டால் மினுங்குகிறது. இனி எஞ்சினைத் தாங்குகிற பிராக்கெட்டில் விழுந்த வெடிப்புக்கும் இதையே அடிக்கலாமா?

கல்முனையிலிருந்து:
வேண்டாம் தம்பி. கசிவு நின்றது வேறு, சுமை தாங்குவது வேறு. அடித்தபடியே இருக்கிற படிவு இழுத்தால் நீளாமல் முறியும். சூளையில் வைத்து மென்மையாக்கலாம்தான், ஆனால் அந்தச் சூட்டில் வார்ப்புப் பிராக்கெட்டின் பலமும் போய்விடலாம். ஆள் கடலுக்குப் போகிற எஞ்சின் அது, பிராக்கெட்டை மாற்றிவிடுங்கள்.