அடுக்களைக்கு மட்டும் ஏன் இருட்டு? பகல் வெளிச்சம் அளக்கப் போன அனுபவம்

எம்.ஆர்க். (கட்டடக்கலை முதுகலை) கடைசி வருட ஆய்வுக்காகத் திருவல்லிக்கேணிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அடுக்குமாடி வீடுகளுக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று அளப்பதுதான் வேலை. கையில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் லக்ஸ் மீட்டரைப் பார்த்ததும் பாதிப் பேர் கேட்டது, "ஈ.பி.லேருந்து வர்றியாம்மா?" இல்லை, படிப்புக்காக என்றால் உடனே முகம் மாறிவிடும். மோர் வரும், அப்புறம் வீட்டுக் கதையும் வரும்.

ஐ.எஸ். 2440 என்று ஒரு இந்தியத் தரநிலை உண்டு. திறந்த வெளியில் வானத்து வெளிச்சம் 8000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் அறைக்குள் வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். கூடத்துக்கு 0.625 சதவீதம், அதாவது 50 லக்ஸ் போதும். படிக்கும் அறைக்கு 1.9. சமையலறைக்கு 2.5 சதவீதம், 200 லக்ஸ். வீட்டிலேயே அதிக வெளிச்சம் கேட்பது அடுக்களைதான். கத்தி, அடுப்பு, கொதிக்கிற எண்ணெய் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன.

நான் பார்த்த ஃபிளாட்டுகளில் இது அப்படியே தலைகீழ். தெருப்பக்கத்து பால்கனி கூடத்துக்குப் போய்விடும், அங்கே டி.வி.யில் வெளிச்சம் அடிக்கிறது என்று திரை போட்டிருப்பார்கள். சமையலறைக்குக் கிடைப்பது ஓ.டி.எஸ்., அதாவது கட்டடத்துக்குள் விடும் 'ஓப்பன் டு ஸ்கை' குழி. வரைபடத்தில் அது வானம் பார்த்த இடம். முதல் மாடி ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தால் குழாய்கள், ஏ.சி. அவுட்டோர் பெட்டிகள், மேல் வீட்டிலிருந்து விழுந்த துணி கிளிப்புகள், எங்கோ உச்சியில் கையகல வானம். வெளியே கண் கூசும் நண்பகல். உள்ளே அடுப்பு மேடையில் மீட்டர் 20 லக்ஸைத் தொடவில்லை.

அப்படி ஒரு கட்டடத்தில் முதல் மாடி அம்மாவை மறக்க முடியாது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் மாடிப்படித் திருப்பத்தில் பலகை போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏம்மா இங்க உக்காந்திருக்கீங்க?" என்றேன். "உள்ள டியூப் லைட்டுல புழு தெரியாதும்மா. கண்ணு வேற முன்ன மாதிரி இல்ல" என்றார். அந்தத் திருப்பத்தில் தெருவைப் பார்த்த பெரிய கிரில். அளந்தேன், 300 லக்ஸைத் தாண்டியது. அதே தரநிலை படிக்கட்டுக்குக் கேட்பது 0.313 சதவீதம், 25 லக்ஸ். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதானாம். செருப்பு வைக்க இடமில்லை என்று அசோசியேஷனில் அதற்கும் சண்டை.

இன்னொரு வீட்டில் ஜன்னல் நல்ல பெரிசு. நம்மைப் போன்ற வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் அறைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கணக்குப் பார்த்தால் இந்த வீடு பாஸ். ஆனால் கண்ணாடி முழுக்க செய்தித்தாள் ஒட்டியிருந்தது. நாலடி தள்ளி எதிர் ஃபிளாட்டின் சமையலறை. "அவங்க என்ன குழம்பு வைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுச் சண்டை அவங்களுக்குத் தெரியும். எதுக்குக்கா?" என்றார் அந்தப் பெண். ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று மட்டும் பார்த்து, அது எதைப் பார்க்கிறது என்று கேட்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

உங்கள் வீட்டு அடுக்களை எப்படி?

*

நீங்கள் கேட்டதற்கு மும்பையிலிருந்து ஒரு பதில். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ரோடு வேலைக்காகக் குடிசையை எடுத்தபோது எங்கள் பெரியம்மா குடும்பத்துக்கு மான்கூர்டு பக்கம் ஏழு மாடிக் கட்டடத்தில் 225 சதுர அடி வீடு கொடுத்தார்கள். தனிக் கக்கூஸ், தண்ணீர்க் குழாய் என்று முதல் வருடம் ஒரே சந்தோஷம். ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டுத்தான் சாதம் போடுவார். எதிர்க் கட்டடம் கையெட்டும் தூரம். கீழ் மாடிக்காரர்கள் குப்பை விழும் என்று ஜன்னலையே திறப்பதில்லை.

அந்தப் பகுதியில் டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற தொண்டு அமைப்பு ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டது. மூன்று மீட்டர் இடைவெளியில் கட்டடங்களை நெருக்கிக் கட்டிய லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு இரண்டிலும், கட்டடங்களுக்கு நடுவே கூடுதல் இடம் விட்ட இன்னொரு குடியிருப்பைவிடக் காசநோய் அதிகம் என்று அதில் வந்தது. வெளிச்சமும் காற்றும் போகாத கீழ் மாடிகளில்தான் நிலைமை மோசம். பெரியம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சி வேணுமாடி? இருமல் சத்தம் எனக்கே கேக்குதே" என்றார்.

*

சிங்கப்பூரில் எங்கள் கவலை வேறு மாதிரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, பயமெல்லாம் மேற்கு வெயிலுக்குத்தான். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு பார்க்கப் போனால் திசைகாட்டியோடு போகிற ஆட்கள் உண்டு. என் வீடு மேற்குப் பார்த்தது. சாயங்காலம் சுவரைத் தொட்டால் சுடும். ஆனால் சமையலறை பளிச்சென்று இருக்கும், அதில் குறையில்லை.

*

முதலில் எழுதியவள்தான். ஓ.டி.எஸ். வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அந்தக் குழிச் சுவர்கள் பெரும்பாலும் பூசாத சிமெண்டு நிறத்தில் விட்டிருப்பார்கள். மேலிருந்து வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குடித்துவிடும். வெள்ளையடித்து, வருடா வருடம் பாசியைச் சுரண்டி, அவுட்டோர் பெட்டிகளை மொட்டை மாடிக்கு மாற்றினால் கீழே வித்தியாசம் தெரியும். மேல் தளத்தில் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடியிருந்தால் அதில் படிந்த தூசியையும் கழுவ வேண்டும்.

கீரை ஆய்ந்த அம்மாவின் கட்டடத்தில் இதை அசோசியேஷன் கூட்டத்தில் சொன்னேன். கீழ் இரண்டு மாடியும் உடனே சரி என்றது. பங்குத் தொகை தர மாட்டோம் என்று நின்றது நாலாவது மாடி. அவர்கள் சமையலறையில்தான் பகலில் லைட்டே போட வேண்டாமே.